மாரக்காளின் வலது கை

மலை இறங்கி வந்த சடையன், கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டான்.

"எலும்பு கட்டுற வைத்தியர் எங்கேம்மா?"

"என்ன உடைஞ்சிருக்கு?" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கு ஒண்ணும் உடையலை. வைத்தியம் படிக்க வந்திருக்கேன்."

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான்தான் வைத்தியர். பேரு உமையாள்."

சடையனின் கடைசித் தங்கையைவிட அவளுக்கு வயது குறைவாகத்தான் இருக்கும். அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு கும்பிட்டான்.

"உங்களுக்கு வயசு நாற்பது தாண்டியிருக்குமே, அண்ணே" என்றாள் உமையாள்.

"தாண்டிடுச்சுங்க. அதனாலதான் இன்னும் தள்ளிப்போட வேண்டாம்னு இன்னிக்கே கிளம்பிட்டேன்."

உமையாள் அவனை உட்காரச் சொன்னாள். அவன் தன் கதையைச் சொன்னான். மலைமேல் இருக்கும் அவன் ஊரில் வைத்தியர் கிடையாது. பாறையில் வழுக்கியோ மரத்திலிருந்து விழுந்தோ எலும்பு ஒடிந்தால், கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் ஒரு காட்டாறு. போன மழையில் அவன் மச்சானுக்குத் தொடை ஒடிந்தது. தூக்கி வந்தபோது ஆற்றில் வெள்ளம். கரையிலேயே கிடத்திவிட்டுக் காத்திருந்தார்கள். வெள்ளம் வடிவதற்குள் மச்சான் போய்விட்டான்.

"எங்க மலைக்கு ஒரு வைத்தியர் வேணும்னு எல்லாரும் சொல்லிட்டே இருந்தோம். யாரும் வரலை. சரி, நானே ஆயிடறேன்னு வந்துட்டேன்."

"கையைக் காட்டுங்க."

காட்டினான். மண்வெட்டியும் அரிவாளும் பிடித்துக் காய்த்துப்போன கை. உமையாள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.

"இந்தத் தோலுக்கு எலும்பு பேசறது கேட்காது. தினமும் எண்ணெய் போட்டு ஊற வையுங்க. காய்ப்பு உரியட்டும். அதுவரைக்கும் மூங்கில் சீவுங்க."

சடையன் மூங்கில் சீவினான். ஒடிந்த கையின் இரு பக்கமும் வைத்துக் கட்டும் பத்தைகளை முள் இல்லாமல், முனை குத்தாமல் சீவக் கற்றுக்கொண்டான். பற்றுப் போட உளுந்து அரைத்தான், முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தான், பழைய வேட்டிகளைப் பட்டையாகக் கிழித்தான். காய்ப்பு உரிந்த பிறகு உமையாள் அவனைத் தொட விட்டாள். அதுவும் நல்ல கைகளைத்தான். வைத்தியத்துக்கு வருகிறவர்களின் கூட வந்தவர்களை உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் முழங்கையையும் தோளையும் விலாவையும் தடவிப் பார்த்தான்.

"ஒடிஞ்சதைத் தொட்டாத்தானே பழக முடியும்?" என்று ஒருநாள் கேட்டான்.

"நல்லா இருக்கிறது எப்படி இருக்கும்னு கைக்குத் தெரியட்டும். அப்புறம் ஒடிஞ்சது தானா கைக்குப் படும்."

பட்டது. ஆட்டின் காலில் தொடங்கி, விரல், விலா, தோள்பட்டை என்று ஒவ்வொன்றாக அவன் கைக்கு வசப்பட்டது. சில வருஷங்களில் வண்டிக்காரர்கள், "மலைக்கார வைத்தியர் இருக்காரா?" என்று அவனையே கேட்டு வரத் தொடங்கினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் மலைக்குத் திரும்பிவிடலாம் என்று சடையன் மனசுக்குள் நாள் குறித்து வைத்திருந்தான்.

அப்போதுதான் மாரக்காள் வந்தாள்.

புளி உலுக்க மரம் ஏறியவள், கொம்பு முறிந்து விழுந்துவிட்டாள். வலது முன்கை நடுவில் ஒடிந்து தொங்கியது. துணைக்கு ஆள் இல்லாத பெண். தன் நிலத்தைத் தானே ஏர் பூட்டி உழுகிறவள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டியில் போட்டு அழைத்து வந்திருந்தார்கள். உமையாள் அன்றைக்கு வெளியூர் போயிருந்தாள்.

"நான் கட்டறேன்" என்றான் சடையன். அவன் குரலில் தயக்கம் இல்லை.

இழுத்தான், நேராக்கினான், எலும்பின் இரு முனைகளையும் ஒன்றோடு ஒன்று பொருத்தினான். எல்லாம் சேர்ந்துவிட்டது என்று நினைத்தபோது அவன் இடது கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ தட்டியது. நெல்மணி அளவுக்கு ஒரு மேடு. இன்னும் ஒருமுறை இழுத்துத் திருப்பினால் அமுங்கிவிடும். ஆனால் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மாரக்காள் அப்போது, "போதுங்க" என்றாள். வண்டியில் வந்தவர்களும், "பாவம், விட்டுடுங்க வைத்தியரே, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு" என்றார்கள்.

வீக்கமாக இருக்கும் என்று சடையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்தை வைத்துக் கட்டினான். மாலையில் உமையாள் வந்து கேட்டாள்.

"எல்லாம் சரியாச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சுங்கம்மா."

கட்டு பிரிக்க வேண்டிய நாளில் மாரக்காள் தானே நடந்து வந்தாள். சடையன் துணியைப் பிரித்தான். பத்தையை எடுத்தான். முன்கை லேசாக வளைந்திருந்தது. பார்வைக்குப் பெரிய வளைவு இல்லை.

"உள்ளங்கையை மேலே திருப்பும்மா" என்றாள் உமையாள்.

மாரக்காள் திருப்பினாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. தோளைச் சாய்த்தாள், உடம்பை வளைத்தாள். உள்ளங்கை சுவரைப் பார்த்தபடியே இருந்தது, வானத்தைப் பார்க்கவில்லை.

யாரும் பேசுவதற்கு முன்னால் சடையன் கேட்டான்: "கட்டை அவிழ்த்தியா?"

மாரக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒருக்கா அவிழ்த்தனுங்க. அரிப்புத் தாங்கலை. அப்படியே மாட்டுக்குக் கிணத்துல ஒரு குடம் தண்ணி சேந்தி ஊத்திட்டு, மறுபடி நானே கட்டிக்கிட்டனுங்க."

அதைக் கேட்டதும் சடையனுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. அப்பாடா என்றுகூட இருந்தது. அப்படி இருந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து உள்ளே போனான்.

கொஞ்ச நேரத்தில் உமையாள் வந்தாள். சடையன் தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பறீங்க?"

"மலைக்கு. சாமை விதைக்கிற வேலை எனக்குத் தெரியும். அதைப் பார்க்கிறேன்."

உமையாள் கதவருகிலேயே நின்றாள். அவன் பேசினான்.

"நான் என்ன செய்யட்டும்மா? குண்டும் குழியுமா இருந்த வழியில வண்டியை விரட்டி வந்திருக்காங்க. வர்றதுக்குள்ளயே வீங்கிடுச்சு."

"ஆமா. விரட்டாம வந்திருக்கணும்."

"கட்டும்போது சுத்தி நின்னு ஆளாளுக்குச் சத்தம் போட்டாங்க."

"போட்டிருக்கக் கூடாது."

"கட்டை அவிழ்க்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவிழ்த்துட்டு தண்ணி சேந்தியிருக்கா."

"அது அவ தப்பு."

எல்லாவற்றையும் அவள் ஒத்துக்கொண்டது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. மறுத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"நீங்களே சொல்லிடுங்க. எனக்கு இந்த வைத்தியம் விதிச்சிருக்கா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நான் போய்க்கறேன்."

"சோறு வெந்திருக்கும்" என்றாள் உமையாள். "மாரக்காளுக்குப் போட்டுட்டு வாங்க. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்கா. அப்புறம் பேசலாம்."

சடையன் இலை போட்டான். சோறு வைத்து ரசம் ஊற்றினான். மாரக்காள் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைய முடிந்தது. அள்ளவும் முடிந்தது. ஆனால் வாய்க்குக் கொண்டுபோகும்போது கை திரும்பவில்லை. அள்ளியது எல்லாம் விரலிடுக்கில் வழிந்து மடியில் விழுந்தது. மறுபடி அள்ளினாள். மறுபடி விழுந்தது.

"நீங்க உள்ள போங்க" என்றாள் அவனைப் பார்க்காமல். "நான் சாப்பிட்டுக்கறனுங்க."

சடையன் எழுந்து கதவுவரை போனான். அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். மாரக்காள் இலையை நோக்கிக் குனிந்து, வாயைச் சோற்றுக்கு அருகில் கொண்டுபோய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காளை இரண்டைக் கட்டி மேய்க்கிற பெண். முடியெல்லாம் ரசத்தில் நனைந்தது.

அவன் உள்ளே வந்தபோது உமையாள் வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்புறம் பேசலாம் என்றவள் பேசவில்லை. அவனும் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"திரும்பப் பிரிச்சுக் கட்ட முடியுமாம்மா?"

"முடியும். ஒட்டின இடம் இன்னும் இளசாத்தான் இருக்கு. இந்த அமாவாசை தாண்டிட்டா முடியாது."

"நீங்க செய்யுங்க."

"செய்யறேன். ஆனா அவ கை. அவதான் சொல்லணும்."

இருவரும் மாரக்காளிடம் போனார்கள். உமையாள் ஒளிக்காமல் சொன்னாள். ஒட்டிய எலும்பை மறுபடி பிரிக்க வேண்டும். முதல் தடவையைவிட அதிகமாக வலிக்கும். கை முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இப்படியே விட்டுவிட்டாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது, இடது கையால் பழகிக்கொள்ளலாம்.

மாரக்காள் தன் கையைப் பார்த்தாள். பிறகு சடையனைப் பார்த்தாள்.

"வைத்தியர் ஒண்ணுமே சொல்லலீங்களே. நீங்க என்ன நினைக்கறீங்க?"

வண்டி, வீக்கம், கூட்டம், குடம் எல்லாம் சடையனின் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவன் வேறு ஒன்றைச் சொன்னான்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கட்டும்போது என் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மேடு தட்டுச்சு. இன்னொரு தடவை இழுத்திருந்தா சரியாப் போயிருக்கும். விட்டுட்டேன். அம்மா கேட்டப்பவும் எல்லாம் சேர்ந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

உமையாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

மாரக்காளின் முகம் சிவந்தது. "எம் மாடு ரெண்டும் அடுத்தவங்க கொட்டாயில நிக்குதுங்க. மழை பேஞ்சு மண்ணு பதமா இருக்கு. ஊரே ஏர் பூட்டிடுச்சு. எம் பூமி மட்டும் சும்மா கெடக்குது. தெரிஞ்சே விட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் விட்டேன்."

"நான் கட்டு அவிழ்த்ததாலதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சுட்டு நான் ஊருக்குப் போயிருப்பனே. சாகிற மட்டும் என்னையே திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

"ஆமா."

"அப்படியே விட்டிருக்கலாமே. எதுக்குச் சொன்னீங்க?"

"நீ சாப்பிட்டதைப் பார்த்தேன்" என்றான் சடையன்.

மாரக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் காற்று வீசியது. கொடியில் கிடந்த கட்டுத்துணிகள் படபடத்தன. அவள் திரும்பிப் பேசியபோது குரல் தெளிந்திருந்தது.

"இவரே செய்யட்டுங்கம்மா. எந்த எடத்துல தப்புன்னு இவர் விரலுக்குத் தெரியும். நீங்க பக்கத்துல நில்லுங்க. சரியா வரலைன்னா நீங்க பாருங்க." பிறகு சடையனிடம் சொன்னாள்: "அன்னிக்கு நான் போதும்னு சொன்னேன். இந்தத் தடவையும் சொல்லுவேன். விட்டுடாதீங்க. கட்டினப்புறம் அதை நான் தொட மாட்டேன். அது என் பாடு."

நாலைந்து நாள் கையில் எண்ணெய் ஊற்றி, சூடு ஒத்தடம் கொடுத்து ஒட்டிய இடத்தை இளக்கினார்கள். ஒரு காலைப் பொழுதில், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, மாரக்காளைப் பாயில் கிடத்தினார்கள். அவள் ஒரு துணியைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டாள்.

சடையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தாழ்ந்த குரலில், "கை நடுங்குதும்மா" என்றான்.

"நடுங்கட்டும்" என்றாள் உமையாள். "தொட்டதும் அதுக்கு வேலை வந்துரும்."

தொட்டான். இளம் முருங்கைக் கொம்பு முறிவதுபோல ஒரு சத்தம். மாரக்காளின் உடம்பு வில்லாக வளைந்தது. அவன் இழுத்தான். எலும்பு முனைகள் விலகி வந்தன. திருப்பிப் பொருத்தினான். இடது கட்டைவிரலைக் கீழே கொண்டுபோனான்.

மேடு இருந்தது.

மறுபடி இழுத்தான். மாரக்காள் துணியைத் துப்பிவிட்டு, "போதும்" என்று கத்தினாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "போதும், விடு, விடு."

உமையாள் அவள் தோளைப் பிடித்திருந்தாள். சடையனை நிறுத்தச் சொல்லவில்லை, தொடரவும் சொல்லவில்லை. அவன் விடவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இழுத்த இழுப்பை விடாமல் மெதுவாக உள்பக்கம் திருப்பினான். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்ந்தது. கட்டைவிரல் எலும்பின் மேல் வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. எங்கும் தட்டவில்லை.

"அம்மா" என்றான்.

உமையாள் தன் கட்டைவிரலை அதே வழியில் ஓட்டினாள். கையை எடுத்துவிட்டு, பத்தையையும் துணியையும் அவன் பக்கம் தள்ளினாள்.

மாரக்காள் வைத்தியசாலையிலேயே தங்கினாள். சடையன் தினமும் விடிந்ததும் காணாமல் போனான். வெயில் ஏறிய பிறகு முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தான். சில நாள் கழித்து உமையாள் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் புதுக் கொப்புளங்கள்.

"எங்க போய்ட்டு வர்றீங்க?"

"மாரக்காள் காட்டுக்கு. பாதி உழுதாச்சு. அந்தச் செவலைக் காளை சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது."

"மறுபடி காய்ப்பு வந்துரும், அண்ணே."

"எண்ணெய் போட்டுக்கறேன்."

உமையாள் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சிரித்து அவன் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

கட்டுக்குள் அரிப்பு எடுத்த நாட்களில் மாரக்காள் வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தாள். சில சமயம் இடது கையைத் தன் இடுப்புச் சேலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைத் தொடவில்லை.

பிரிக்கும் நாள் வந்தது. சடையன் துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தான். பத்தைகள் விழுந்தன. மெலிந்து, தோல் வெளுத்து, நேராக இருந்தது கை. அவன் நகர்ந்து உட்கார்ந்தான். மாரக்காள் மூச்சை இழுத்துக்கொண்டு திருப்பினாள். விறைப்பாக இருந்தது. நின்று நின்று திரும்பியது. உள்ளங்கை மேலே வந்தது. சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே இருந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"தண்ணி ஊத்துங்க" என்றாள்.

சடையன் சொம்பிலிருந்து ஊற்றினான். தண்ணீர் அவள் உள்ளங்கைக் குழியில் நின்றது. கொஞ்சம் ஒழுகியது, மிச்சம் நின்றது. அவள் அதை வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தாள். இன்னும் ஊற்றச் சொன்னாள். மறுபடி குடித்தாள். தாகம் அடங்கிய பிறகும் குடித்தாள்.

"அந்தச் செவலையை நான் பார்த்துக்கறனுங்க" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நீங்க அதட்டுற மாதிரி அதட்டினா அது கேட்காது. பேசணும்."

அடுத்த வாரம் சடையன் கிளம்பினான். இந்த முறை மூட்டையை அவன் கட்டவில்லை, உமையாள் கட்டினாள். சீவிய பத்தைகள், துணிச் சுருள்கள், எண்ணெய்ச் சாடி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சடையன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வயதில் மூத்தவன் கும்பிடுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

மலைப்பாதை தொடங்கும் இடம்வரை கூடவே நடந்து வந்தாள். தூரத்தில் மேற்கே மேகம் இறங்கியிருந்தது.

"ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள தாண்டிடுவேன்" என்றான் சடையன்.

"போய்ட்டு வாங்க."

அவன் நாலடி எடுத்து வைத்தான். நின்றான். திரும்பி வந்தான்.

"ஒண்ணு கேட்கணும்மா."

"கேளுங்க."

"மேல போயி நான் நூறு கை கட்டினா, அதுல ஒண்ணு கோணலாத்தான் வரும். அது எனக்கு இப்பத் தெரியும். இங்கன்னா நீங்க பக்கத்துல இருந்தீங்க. அங்க மழை பிடிச்சு ஆறு வழியை அடைச்சுக்கிச்சுன்னா, கீழேயிருந்து ஒருத்தரும் வர முடியாது. அப்படி ஒரு நாள்ல ஒரு கை கோணிப்போச்சுன்னா, அதைப் பிரிச்சுக் கட்ட யாரு இருக்காங்க?"

உமையாள் மூட்டையை அவன் தோளில் சரியாக ஏற்றி வைத்தாள்.

"நீங்க இருப்பீங்க இல்ல, அண்ணே."